குட்டை இறக்கைக்காரன்

இன்று காலை வெள்ளரிக்காய் நறுக்கினேன். அந்த வாசனையில் உன் கட்டிலருகே இருந்த கண்ணாடி ஜாடி நினைவுக்கு வந்தது. வாயில் துணி கட்டிய ஜாடி. உள்ளே ஒரு வெள்ளரித் துண்டு, அதன்மேல் அவன்.

இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைச் சிதம்பரம் வீட்டுக்கு அனுப்பிய வாரம், கைபேசியில் ஒரு படம் அனுப்பினாய். கொல்லையில் பிடித்த வெட்டுக்கிளி. நீண்ட உணர்கொம்பு, கேடயம் கவிழ்த்தது போன்ற முதுகு, குட்டை இறக்கை. "பேரு சொல்லு." பூச்சிகளுக்கு இனம் சொல்வது என் வேலை; ஆனாலும் வெறும் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல மாட்டேன் என்றேன். "அப்ப நேர்ல வந்து பாருடி."

வந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இளம்பூச்சிக்குப் பின்னிறக்கை மேலே கிடக்கும், வளர்ந்ததற்கு முன்னிறக்கை. இவன் வளர்ந்தவன். என்னோடு விலங்கியல் படித்த உனக்கும் அது தெரியாமல் இராது.

"குட்டியாட்டம் இருக்கு," என்றேன். "இன்னொரு தடவ தோலுரிக்கட்டும். அடுத்த வாரம் வந்து பாக்குறேன்."

என்னை உற்றுப் பார்த்தாய். "ஆமாமா, றெக்க குட்டையா இருந்தா குட்டிதான். நான் குள்ளம்னு காலேஜ் படிக்கும்போதே எனக்கு அரை டிக்கெட் கிழிச்ச கண்டக்டரு மாதிரி பேசுற."

அதன்பிறகு ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். "உரிச்சானா?" என்பேன். "சோம்பேறி, இன்னும் இல்ல," என்பாய். பிறகு அவனை மறந்துவிட்டு எதையெதையோ பேசுவோம். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முப்பது வருடமாக உனக்கு அது தெரியும்.

ஒரு சாயங்காலம் ஜாடிக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்தது. இளம்பூச்சி பாடாது. இருவரும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாடிட்டான்," என்றாய். "இனிமே என்னா சாக்கு சொல்லுவ?"

ஜாடியின் துணியை இழுத்துக் கட்டினேன். நீயே காப்பாற்றினாய். "வளந்தவன்தான், சரி. என்னா இனம்னு தெரியணும்ல? அதுக்கு ஜாஸ்தி நாளாவுமே?"

"ஆவும்," என்றேன்.

அவ்வளவு நாள் கிடைக்கவில்லை. உனக்குப் பின் அவனும் அடங்கினான். நுண்ணோக்கியில் வைத்து, வால்முனையை வரைந்து, கிடைத்த விவரணைகளோடெல்லாம் ஒப்பிட்டேன். எதனோடும் பொருந்தவில்லை. இனம் தெரியவில்லை; இந்தமுறை பொய்யில்லை. முடிவு சொல்ல அதே மாதிரி இன்னொரு பூச்சியாவது வேண்டும்.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். கொல்லைப்பக்க விளக்கைப் போடப் போனவர் திரும்பி, "பூச்சி தேடவாம்மா வந்தீங்க?" என்றார்.

"இல்லண்ணா," என்றேன். "உங்களப் பாக்கத்தான் வந்தேன்."