மைக்கில் விழுந்த ‘முருகா’

அனுப்புநர்:
சு. முருகேஸ்வரி (வயது 52),
பஞ்சாயத்து உறுப்பினர்,
மேல் லயம், கல்லடிமலை எஸ்டேட்,
பள்ளிவாசல் வழி, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
உள்ளாட்சித் துறை மாவட்ட அலுவலகம்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: உறுதிமொழி ஏற்ற கையோடு ‘முருகா’ என்று சொன்னதாக என்மீது தரப்பட்ட புகாருக்கு என் விளக்கம், அதைத் தீர்ப்பதற்காகக் கடவுள் பெயரால் மறுபடி உறுதிமொழி எடுக்கச் சொல்வது குறித்து என் புகார்.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த விளக்கம் கேட்கும் நோட்டீஸ்.

மரியாதைக்குரிய ஐயா,

1. தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் போன வாரம் கைக்கு வந்தது. உறுதிமொழி ஏற்ற மேடையில் நான் ‘முருகா’ என்று சொன்னேனா என்பது அதில் முதல் கேள்வி. சொன்னேன். புகாரோடு இணைத்த வீடியோவில் கேட்பது என் குரல்தான். மற்ற கேள்விகளுக்கு இப்படி ஒற்றை வரியில் பதில் எழுத வரவில்லை. அதனால் மனு கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன். சாட்சி கடைசியில்தான் இருக்கிறார்.

2. நடந்தது இதுதான். கடந்த மாதம் கம்யூனிட்டி ஹாலில் புதிய உறுப்பினர்கள் பதவி ஏற்றோம். கடவுள் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம், அவரவர் விருப்பம் என்றார்கள். நான் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று சொல்லி, பிழையில்லாமல் முழுவதும் வாசித்தேன். பிறகு மேஜைமுன் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். நாற்காலி மிகவும் தாழ்வானது. எனக்கு இரண்டு முட்டியும் போய்ப் பல காலம் ஆகிறது. தேயிலைக் கொழுந்துச் சாக்கைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய முட்டிகள். மேஜையில் கையை ஊன்றி எழுந்தபோது ‘முருகா’ என்று வாயில் வந்துவிட்டது. மேஜை மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன்.

3. சிரித்ததோடு முடியவில்லை. என்னை எதிர்த்து நின்று தோற்ற திரு. மிக்கேல்ராஜ் தங்களுக்குப் புகார் கொடுத்தார். கடவுள் வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்தவர் உடனேயே ஒரு கடவுளைத் துணைக்கு அழைத்துவிட்டார், எனவே அந்த உறுதிமொழி செல்லாது, உறுப்பினர் பதவியும் செல்லாது என்பது அவர் வாதம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஜீப் ஓட்டுகிற நல்ல பிள்ளை. புகார் கொடுத்த மறுநாள் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “யக்கா, கட்சியில எழுதச் சொன்னாவ, எழுதிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. கர்த்தர் கிருபையில ஒங்களுக்கு நல்லதாவே முடியும்” என்றார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

4. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாரையும் சீண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கும்பிடுகிறவர்களோடு நின்று பொங்கல் வாங்கிச் சாப்பிடுகிறவள்தான் நான். எனக்குக் கும்பிடத் தோன்றியதில்லை, அவ்வளவே. என் கணவர் சுடலை இதற்கு நேர் எதிர். டீ ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போட்டு ஓய்வு பெற்றவர். முருக பக்தர். தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் இதற்காக நிறையச் சண்டை வந்தது. பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சாமி படத்துக்கு அவர் பூ வைப்பார், நான் தூசி துடைப்பேன். என் நெற்றியில் திருநீறு பூச மாட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் தூக்குச்சட்டியின் மூடியில் ஒரு கீற்றுப் பூசிவிடுவார். அதை ஒருநாளும் நான் துடைத்ததில்லை.

5. ஐயா, எங்கள் எஸ்டேட்டில் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள் முன்னைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆள் சேருவதில்லை என்று என் கணவர் வருத்தப்படுவார். இளவட்டங்கள் திருப்பூரிலும் கொச்சியிலும் வேலை பார்க்கிறார்கள். லீவில் வந்தால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் போன் தரையில் விழுந்தால் ‘கடவுளே’ என்றுதான் கத்துகிறார்கள். புதிதாக வந்திருக்கும் ஃபேக்டரி மேனேஜர், வேலையிடத்தில் சாதி மதம் எதையும் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த வாரம் தேயிலை காயவைக்கும் டிரையர் நின்றுபோனபோது அவர் வாயில் வந்தது ‘மை காட்’. பஞ்சாயத்து ஆபீஸ் ஹெட் கிளார்க் ஜோமோன் சார், கல்யாணத்துக்குப் பிறகு சர்ச் வாசலை மிதித்ததில்லை என்று அவரே சொல்வார். உயிர் விட்ட கம்ப்யூட்டர் திரும்ப வேலை செய்தால் தெய்வம் காப்பாற்றியது என்று மலையாளத்தில் ‘தெய்வம் காத்து’ எனப் பெருமூச்சு விடுகிறார். எங்கள் பக்கத்து ஊரின் பெயரே பள்ளிவாசல்தான். பஸ்ஸில் ‘பள்ளிவாசல் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறவர்களில் தொழப் போகிறவர் எத்தனை பேர்? பாதிப் பேர் டீத்தோட்டத்துக்கும் மீதிப் பேர் பவர் ஹவுஸ் பக்கமும் போகிறார்கள்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தங்கள் நோட்டீஸிலேயே என்னை ‘ஸ்ரீமதி முருகேஸ்வரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெயருக்குள் முருகன் இருக்கிறான், பெயருக்கு முன்னால் ஒரு ‘ஸ்ரீ’யும் இருக்கிறது. அரசாங்கம் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டது என்று நான் யாருக்கும் எழுதிப் போடவில்லை.

6. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது என் கணவர் பழனிக்கு மாலை போட்டிருக்கிறார். மாலை போட்டவரை வீட்டார் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிடுகிறேன். ‘சாமி, ரேசன் கடைக்குப் போயிட்டு வாங்க’, ‘சாமி, அந்தக் குடத்த இறக்கி வைங்க’ என்று நாள் முழுக்க வேலை வாங்குகிறேன். நான் அவரை வணங்குகிறேன் என்று அவரே நம்ப மாட்டார்.

7. இனி என் புகார். நோட்டீஸ் வந்ததும் ஜோமோன் சார் என்னைக் கூப்பிட்டு, நல்ல எண்ணத்தில்தான், மலையாளம் கலந்த தமிழில் ஒரு வழி சொன்னார். “சேச்சி, அடுத்த கமிட்டியில தெய்வத்தின் பேர்லன்னு ஒரு வாக்கு மாத்திச் சொல்லிருங்க. மிக்கேல்ராஜ் பராதிய வாபஸ் வாங்கிக்கிடும். பிரஸ்னம் தீர்ந்நு.” பராதி என்றால் புகார். அதை வாபஸ் வாங்க மிக்கேல்ராஜும் தலையாட்டிவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்களும் ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வா என்கிறார்கள். அப்படிச் செய்துவிட்டால் தங்கள் அலுவலகத்திலும் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று தெரிகிறது. எல்லோரும் அன்பாகச் சொல்லும் இந்த யோசனையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

8. ‘முருகா’ வெறும் பேச்சு வழக்கு என்று நீயே சொல்கிறாய், அப்படியானால் ‘கடவுள் பெயரால்’ என்பதையும் பேச்சு வழக்காகச் சொல்லிவிட்டுப் போயேன் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்ததில் இப்படித் தோன்றுகிறது. முட்டி வலியில் வாய் சொல்வது வேறு. ஊர்முன் நின்று, தாளைப் பிடித்து வாசித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு. அந்த உறுதிமொழியில் ஒவ்வொரு வார்த்தையையும் நான் நம்பிச் சொன்னேன். ஒன்றை மட்டும் சும்மா சொல்லிவைத்தால், மற்றதையும் சும்மாதான் சொன்னாள் என்று நாளைக்கு யாரும் கேட்கலாம். தேர்தலில் நான் கொடுத்தது ஒரே வாக்குறுதி. மேல் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி போட்டுத் தருவேன் என்றேன். மழைக்காலத்தில் அந்தப் படியில் வழுக்கி விழாதவர் இங்கே கிடையாது. என் சொல்லை நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள்.

9. இதைவிடப் பெரிய காரணம் என் வீட்டில் இருக்கிறது. ஹாலில் நான் ‘முருகா’ என்றதிலிருந்து என் கணவருக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருடம் கழித்து முருகன் என்னைப் பிடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். மூணாறு கடைவீதிக்குப் போய் எனக்கு ஒரு பச்சைப் புடவை வாங்கி வந்தார். “இந்த வருசம் ரெண்டு பேருமா பழனிக்குப் போவோம்ட்டி. நீ பஸ்ஸுல வா, நான் நடந்து வாரேன், மலைப் படிக்கட்டுக்குக் கீழ நின்னுக்கோ” என்றார். நான் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுத்தால் ஊர் அதை ஒரு வசதி என்று எடுத்துக்கொள்ளும். அவர் நிஜம் என்று எடுத்துக்கொள்வார். என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கும் மனிதரை இந்த ஒரு விஷயத்தில் நான் ஏமாற்ற மாட்டேன். பதவி போனாலும் சரி.

10. அந்தச் சொல் என் வாய்க்கு எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முட்டி போனதிலிருந்து தரையில் உட்கார்ந்தால் என்னால் தனியாக எழ முடியாது. சாப்பிட்டு முடித்தால், அரிசி புடைத்து முடித்தால், என் கணவர் வந்து கையை நீட்டுவார். இழுக்கும்போது ‘முருகா’ என்பார். நானும் கூடவே சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் அவர் இழுப்பதும் நான் எழுவதும் ஒன்றாக வரும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம். விழுந்தும் இருக்கிறோம். இப்படித்தான் அந்தச் சொல் எனக்குப் பழகியது.

11. புகாரோடு இணைத்திருக்கும் வீடியோவை எல்லோரும் நான் ‘முருகா’ என்று சொல்கிற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்குப் பிறகும் ஓடவிட்டுப் பாருங்கள். கூட்டம் சிரிக்கும்போது கேமரா திரும்புகிறது. மூன்றாவது வரிசையில் காப்பி கலர் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் எழுந்து, மேடையைப் பார்த்து வலது கையை நீட்டிக்கொண்டு நிற்பார். எனக்கும் அவருக்கும் நடுவில் பாதி ஹால் இருக்கிறது. கொஞ்சம் கழித்துத்தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைக்கும். நீட்டிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர்தான் சுடலை. நான் குனிந்திருந்ததால் அன்றைக்கு அவரைப் பார்க்கவில்லை. நோட்டீஸ் வந்தபின் வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் பார்த்தேன். அன்றைக்கு நான் யாரைக் கூப்பிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அழுதுவிட்டேன் ஐயா, மனுவில் எழுதக் கூடாதுதான்.

12. அவரைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினேன். “என்னட்டி இப்படிக் கிறுக்கன் மாதிரி நிக்கேன்” என்று வெட்கப்பட்டார். பிறகு, “அப்போ நீ அவனக் கூப்பிடலயா?” என்று கேட்டார். இல்லை, உங்களைத்தான் என்றேன். அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. வாடிப்போய்விட்டது. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எழுந்து போய் அடுப்படியில் பால் விடாத கட்டன் சாயா போட்டு, எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். “சரி, அத நான் வந்து சாட்சி சொல்லுதேன். மாலை போட்டிருக்கவன் பொய் சொல்ல மாட்டான்னு ஆபீசருக்குத் தெரியும்லா” என்றார். பச்சைப் புடவையை என்ன செய்வது என்று கேட்டேன். கமிட்டிக் கூட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) நான் உளமார எடுத்த உறுதிமொழி அப்படியே செல்லும் என்று உத்தரவிட வேண்டும். திரு. மிக்கேல்ராஜ்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம்.

(ஆ) சட்டப்படி மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதே சொற்களால் எடுக்க என்னை அனுமதிக்க வேண்டும். கடவுள் பெயரால் எடுக்கும்படி யாரும் என்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

(இ) அப்படி நடந்தால், கையெழுத்துப் போடக் கொஞ்சம் உயரமான நாற்காலி தர வேண்டும். என் கணவருக்குக் கை எட்டும் தூரத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். நான் எழும்போது இருவரும் ‘முருகா’ என்று சொல்லத்தான் செய்வோம். அந்த நேரத்துக்கு மைக்கை மட்டும் அணைத்துவிட்டால் போதும்.

வணக்கத்துடனும் முட்டி வலியுடனும்,

(ஒப்பம்)
சு. முருகேஸ்வரி

இடம்: கல்லடிமலை
நாள்: 19.01.2026

சாட்சி (கைப்பட எழுதியது):

மேலே என் வீட்டுக்காரி எழுதியிருப்பதெல்லாம் உண்மை. அவள் அன்றைக்குச் சாமியைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். முருகன்மேல் சத்தியம்.

(ஒப்பம்)
சுடலை