நசீறாவுக்கு நீ காட்டிய படம்

தோட்டவெளி,
மன்னார்.
10.08.2003

தம்பி யேசுதாசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மழை இல்லை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது.

இருபத்தைந்தாம் திகதி புத்தளத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால், நசீறாவைத் தெரிந்த சாட்சியாக நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். வைக்கமாட்டேன்.

உன் தொழிலைப் பற்றி இதுவரை நான் வாய் திறக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து, சிறு முற்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுகிறாய். காணியை "முற்பணம் தந்தவருக்கு அல்லது அவர் காட்டும் ஆளுக்கு" எழுதித் தருவதாக அதில் ஒரு வரி. பிறகு அந்தக் கடதாசியை மூன்று மடங்கு விலைக்குக் கொழும்பு முதலாளிக்குக் கொடுக்கிறாய். "நான் காணி வாங்கவுமில்லை, விக்கவுமில்லை அக்கா, கடதாசிதான் கை மாறுது" என்று போன நத்தார்ப் பண்டிகைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாய். தரகு எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. உண்மை விலையைச் சொல்லி, இதில் எனக்கு இவ்வளவு என்றும் சொல்லி எடுப்பவனை ஒருவரும் ஏசுவதில்லை. நீ இரண்டையும் சொல்வதில்லை.

பூசை முடிந்து வரும்போது பேசாலை மரியதாஸ் எல்லோருக்கும் கேட்க, "ரீச்சர், தம்பியிட்டச் சொல்லிக் கடலையும் ஒப்பந்தம் போடச் சொல்லுங்கோ, நாங்கள் வலையை வித்துப்போட்டுப் போறம்" என்றார். சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள்.

அதையும் விடுகிறேன். நசீறா எழுதியிருக்கிறாள். பதினொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு புத்தளம் போனவள். "வீடு இந்தக் கோலத்தில கிடக்கேக்க நான் என்ன விலை கேக்கிறது? உங்கட தம்பி எண்டபடியால்தான் யோசிக்காமல் கையெழுத்து வைச்சனான். படத்தைப் பாக்கேலாமல் கிடக்கு, நீங்களே வைச்சிருங்கோ" என்று எழுதி, அவளுடைய வீடு என்று நீ கொடுத்த படத்தையும் அனுப்பியிருந்தாள்.

போன கிழமை எருக்கலம்பிட்டிக்குப் போய்ப் பார்த்தேன். அவளுடைய வீட்டில் ஓர் ஓடுகூட விழவில்லை. முள்ளிக்குளத்தில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கிறது. றோட்டுக்கரைக் காணி. என்ன விலை போகும் என்று உனக்குத் தெரியும்.

படத்தில் இருப்பது எங்கள் வீட்டுப் பின்குசினி. செல் விழுந்து வெடித்துப் பிளந்த சுவரை எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? அன்று அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தா. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்க உன்னால் முடிந்திருக்கிறது.

நசீறாவின் வீட்டை நான் படம் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். இருபத்துமூன்றாம் திகதி சனிக்கிழமை புத்தளம் போகிறேன். அவளிடம் கொடுப்பேன். கேட்டால் எல்லாம் சொல்வேன்.

கொழும்பில் இருந்து உனக்குப் புத்தளம் கிட்ட. வெள்ளிக்கிழமை போ. ஒப்பந்தத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்து, நீயே உன் வாயால் சொல். நான் போய்ச் சேரும்போது அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது.

மாதா உனக்கு அந்தத் துணிவைத் தரட்டும்.

அக்கா,
மாக்கிறட்