கட்டில் பக்கத்தின் கடைசி வரி

சலீம் பாயின் கடைக்குள் இன்று காலையில் நுழைந்ததும் அந்த வாசனை அடித்தது. பினாயில் போட்டுத் துடைத்துக் காயவைத்த ரெக்சின் மெத்தையின் வாசனை. நம் வீட்டு முன்னறையை விட்டு அது போக வெகுநாள் ஆனது. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் போகவில்லை. வாசலில் மடக்கி அடுக்கியிருந்த சக்கர நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பாய் எதற்குக் கூப்பிட்டார் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் வரும். நோயாளிக் கட்டில் வாடகைக்கு வேண்டும் என்று பெங்களூரில் யார் நெட்டில் தேடினாலும், நீ அவருக்கு எழுதிக்கொடுத்த பக்கம்தான் இத்தனை வருடமும் முதலில் வந்துகொண்டிருந்தது. இப்போது அது இறங்கிவிட்டது. பெரிய கம்பெனிகள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. உன் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கூட வெகுதூரம் கீழே தேடிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

"போன் வர்றதே கம்மியாயிடுச்சு சார்," என்றார் பாய். "மேடம் எழுதுனது, எனக்குப் புரியுது. ஆனா பழசாயிடுச்சு, புதுசா எழுதினாதான் மேல வரும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்க. வேற ஆள்கிட்ட குடுக்க தில் வரல."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் வரிகளை மாற்றினால்தான் அந்தப் பக்கம் பிழைக்கும். மாற்றிவிட்டால், நீ பேசுகிற மாதிரி எனக்கு மிச்சமிருக்கிற ஒரே இடமும் போய்விடும். ஆகவே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அதை எழுதாமல் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அல்சூர் வீட்டின் முன்னறையில், நெட்டில் தேடினால் முதலில் வரும்படி பக்கம் எழுதித் தருகிற கம்பெனியை நாம் ஆரம்பித்தபோது, இந்தத் தொழிலே எனக்குத்தான் தெரியும் என்று எவ்வளவு அலட்டியிருப்பேன். பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்கிறவருக்கு நான் எழுதிய முதல் பக்கம் ஞாபகமிருக்கிறதா? 'பெங்களூரில் ஸ்பிரிங் வேண்டுமா, பெங்களூரின் சிறந்த ஸ்பிரிங், பெங்களூர் ஸ்பிரிங்கே ஸ்பிரிங்' என்கிற ரீதியில் இங்கிலீஷில் எழுதியிருந்தேன். போதாததற்கு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி, இன்னொரு மூட்டை வார்த்தைகள். நீ அதை உரக்கப் படித்தாய். பாதியிலேயே சிரிப்பு வந்து படிக்க முடியவில்லை.

"யாராச்சும் இப்படிப் பேசுவாங்களா? கண்ணுக்கே தெரியாத எழுத்து யாருக்குங்க?"

"அது நெட்ல தேடிக் குடுக்கற மெஷினுக்கு. உனக்குத் தெரியாது, பேசாம இரு."

"நீங்க சும்னே இருங்க. தேடறது மெஷினா? ஸ்பிரிங் உடைஞ்சு வேலை நின்னுபோன எவனோ ஒருத்தன்தானே தேடறான்?"

எனக்கு ரோஷம் வந்து அன்று உன்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் அந்த வெள்ளை எழுத்துக்காகவே தேடுதளம் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கடாசியது. நீ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. டீ போட்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்பிரிங்காரரின் பக்கத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு எழுத்து உன் இலாகா. மற்ற தளங்களுக்கு எல்லாம் மெயில் போட்டு, எங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள் என்று கெஞ்சுகிற வேலை என்னுடையது. லிங்க் சேரச் சேரத்தான் பக்கம் மேலே ஏறும்.

பாயின் வேலை வந்ததும் நீ சிவாஜி நகரில் அவர் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாய். போனில் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்றாய். 'குறைந்த வாடகையில் தரமான கட்டில்' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். 'நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை' என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்களாம். நீ அதையே தலைப்பாக வைத்தாய். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும் என்று எழுதினாய். படுத்திருப்பவருக்கு வாசல் தெரியும்படி போடுங்கள், யார் வருகிறார்கள் என்று அவர் பார்க்கவேண்டும் என்று எழுதினாய். இதைப் படித்துவிட்டு ஒரு பிசியோதெரபி டாக்டர் தானாகவே தன் தளத்தில் லிங்க் கொடுத்தார். பின்னாலேயே இன்னும் சிலர் கொடுத்தார்கள். நான் அதுவரை கெஞ்சிய கெஞ்சலுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

கடைசி வரியில்தான் பாய் முரண்டு பிடித்தார். 'வேலை முடிந்ததும் ஒரு போன் செய்யுங்கள். நாங்களே வந்து கட்டிலை எடுத்துக்கொள்வோம். ஏன் என்று விசாரிக்க மாட்டோம்.'

"அரே மேடம், கட்டில் போறதுக்கு முன்னாடியே திரும்பி வர்றதைப் பத்தி எழுதுவாங்களா? நல்லா இருக்காது."

"பாய், நேத்து கட்டிலைத் திருப்பி எடுத்துக்கச் சொன்ன ஒரு அம்மாகிட்ட உங்க முனியப்பா போன்ல 'பேஷண்ட் நல்லாயிட்டாங்களாம்மா?'ன்னு கேட்டார். நல்ல மனசோடதான் கேட்டார். அந்தம்மா அழுத அழுகை இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு."

பாய் அந்த வரியை அப்படியே போடச் சொன்னார். கட்டில் ஏற்றி இறக்குகிற முனியப்பா உன்னிடம் வந்து, "தெரியாம கேட்டுட்டேன்மா, இனிமே கேக்கமாட்டேன்," என்றார். அன்றிலிருந்து அந்த வரி அந்தக் கடையின் சட்டமாகிவிட்டது.

பிறகு நம் முறை வந்தது. இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, நாளைக்கு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். சலீம் பாயின் நம்பர் என் சட்டைப் பையில் இருந்த செல்போனிலேயே இருந்தது. அது தோன்றவே இல்லை. இத்தனை வருடம் இதையே தொழிலாகச் செய்தவனுக்குக் கை தானாகத் தேடத்தான் போயிற்று. என்ன வார்த்தை போட்டுத் தேடவேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. 'என் மனைவியை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்' என்று இங்கிலீஷில் அடித்தேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. திறந்து படித்தேன். வாசல் தெரியும்படி போடுங்கள் என்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் அது உன் குரல் என்று உறைத்தது. பக்கத்துப் பையன்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

மறுநாள் முன்னறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ சுற்றிலும் பார்த்தாய். இரண்டு பக்கமும் இடம் இருந்தது. வாசல் நேராகத் தெரிந்தது.

"என் பேஜைப் படிச்சீங்களா?"

"ம்."

"எத்தனாவதா வந்துச்சு?"

"முதல்ல."

"பரவால்லையே. பாய்கிட்ட சொல்லி டிஸ்கவுண்ட் கேளுங்க."

அந்த நிலையிலும் உனக்குக் கிண்டல் போகவில்லை. எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. ஒரு தடவை சிரித்துக் காட்டியிருக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு நான் பாய்க்குப் போன் செய்தேன். முனியப்பா வந்தார். உன் கையால் எத்தனையோ தடவை டீ வாங்கிக் குடித்தவர். தரையைப் பார்த்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார், மெத்தையைச் சுருட்டினார், வண்டியில் ஏற்றினார். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு வண்டியோடு போய்விட்டார். கட்டில் இருந்த இடத்தில் நின்றுகொண்டு நான் வாசலைப் பார்த்தேன்.

இதை உன்னிடம்தான் சொல்லமுடியும். அன்றைக்கு அவர் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. மேடத்துக்கு என்ன ஆச்சு, கடைசியில் என்ன பேசினாங்க, சாப்பிட்டாங்களா என்று எதையாவது கேட்டிருந்தால் அந்த வெறும் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். போனில் அழுத அந்த அம்மாவுக்கு நீ எழுதியது சரி. எனக்கு அது சரியாக இல்லை.

இப்போது விடிந்துவிட்டது. பக்கத்தைப் புதிதாக எழுதி முடித்துவிட்டேன். மேலே எல்லாம் மாறிவிட்டது, என்னை மன்னித்துவிடு. கட்டிலையும் வாசலையும் பற்றி நீ சொன்னதை என் வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். உரக்கப் படித்துப் பார்த்தேன், மனிதன் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். உன் கடைசி வரியை அப்படியே வைத்து, கீழே ஒன்று சேர்த்திருக்கிறேன்: 'சொல்லவேண்டும் போல இருந்தால் சொல்லுங்கள். எங்கள் ஆள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.'

பாய்க்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசியில் சேர்த்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "முனியப்பாகிட்ட சொல்லிடறேன் சார்," என்றார்.

இத்தனை வருடமும் என் எழுத்தை நீதான் திருத்தினாய். உன் எழுத்தில் நான் கைவைத்தது இதுதான் முதல் தடவை. தப்பென்றால் நீதான் வந்து திருத்தவேண்டும். உனக்கு வாசல் தெரியும்.