சத்தமா பிஸ்மில்லா சொன்னேன்

இத்தோ,

நீ ஊர்ப் பொதுக் குளியலறைக்கு, ஹமாமுக்குப் போய்க் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் கிளம்பணும். இன்னைக்கு நம்ம வயலுக்குத் தண்ணி முறை.

முயல் அடுப்படியில தொங்குது. சூடு ஆறுறதுக்குள்ள தோல உரிச்சு, குடல எடுத்துட்டேன். ஈரல் கிண்ணத்துல மூடியிருக்கு, பூனை ஜாக்கிரதை. கறிய உப்புத் தண்ணியில ஊறவை. இடது தொடையில ஈயக்குண்டு இருக்கும், தடவிப் பாத்து எடுத்துடு. வெங்காயம், இஞ்சி, குங்குமப்பூ போட்டு மண்சட்டியில மெதுவா வேகட்டும். காட்டு முயல், லேசுல வேகாது.

போன தடவை, "சுடறப்போ பிஸ்மில்லான்னு அல்லா பேரச் சொன்னீங்களா, மறந்துட்டீங்களா? அது சொல்லாம சுட்டது ஹராம். புருஷன்னு உங்கள நம்பி நான் அதத் திங்க மாட்டேன்"னு சொன்னே. சொல்லிட்டுத்தான் சுட்டேன் இத்தோ. வாய்க்குள்ள சொன்னதால யாருக்கும் கேக்கல. அதுலேருந்து நீ அடுப்படியிலயே தனியா சாப்பிடறே.

இன்னைக்குக் காலையில சத்தமாவே சொன்னேன். முதல் முயல் ஓடியே போச்சு. கூட வந்த ஹத்து விழுந்து விழுந்து சிரிச்சான். "டேய் மோஹா, அல்லாவுக்குக் கேட்டா பத்தாதா? முயலுக்கும் கேக்கணுமா?"ன்னான். இது ரெண்டாவது முயல். அதுக்கும் சத்தமாத்தான் சொன்னேன். என்னை நம்பலேன்னா அவனக் கேளு.

சாவியையும் இந்தச் சீட்டையும் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போறேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்.

மோஹா

இன்னொண்ணு. அப்பவும் மனசு ஒப்பலேன்னா நீ ரொட்டியும் ஆலிவும் சாப்பிடு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எதிர்ல வந்து உக்காந்து சாப்பிடு. நாம சேர்ந்து சாப்பிடற அவ்வளவு பெரிய தட்டுல நான் ஒருத்தன் மட்டும் கை வச்சுத் திங்க முடியல.