மாப்பிள்ளை வீட்டுக்கு அடித்த சிவப்பு

ஜூன் 3, செவ்வாய்

கொச்சியில், காக்கநாட்டு ஆபீசில் இந்தியா வரைபடம் முழுக்க நிறம் அடித்துக்கொண்டிருக்கிறோம். மண் அரிக்கும் இடம் மஞ்சள், மலை சரியக்கூடிய இடம் சிவப்பு. மழை, சரிவு, மண்ணின் ஆழம் எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர் நிறம் சொல்லும், நாங்கள் சரிபார்ப்போம். இன்றைக்கு இடுக்கி வந்தது. கை சும்மா இருக்குமா? எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் சுஜித்தின் வீட்டைத் தேடிப் பிடித்தேன்.

சிவப்பு. அதுவும் குங்குமச் சிவப்பு.

ஜூன் 4

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"உன் கையிலதானே இருக்கு? கொஞ்சம் பச்சையா அடிச்சு விட்டுரு. சம்பந்தி வீடு."

அப்புறம் யோசித்துவிட்டு, "நம்ம மட்டாஞ்சேரிக்கு என்ன கலர்?"

"நமக்குக் கலரே இல்லம்மா. சரியறதுக்கு மேடு வேணும்ல?"

இந்தியாவிலேயே நம்மளை விட்டுட்டாங்களே என்று அவளுக்கு வருத்தம்.

ஜூன் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். சுஜித்தின் அப்பா தங்கையா மாமா மலையை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறார். பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போகலாம். போனேன், பட்டுப்புடவையோடு. மேலே ஏறினால் மண்ணில் கை நுழைகிற வெடிப்பு. கமுகு மரங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நிற்கின்றன. இறங்கும்போது வழுக்கி, உட்கார்ந்தபடியே சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். எதிரே கேசரித் தட்டோடு மாமா.

"பொண்ணு வீடு பாக்க வந்துச்சா, மலையப் பாக்க வந்துச்சா?"

சொல்லிவிட்டேன் — மழை வலுத்தால் இங்கே இருக்காதீங்க என்று.

"எங்கப்பன் காலத்துலருந்து நிக்குது மலை. நீ படம் போட்டா விழுந்துருமா?"

தட்டோடு உள்ளே போய்விட்டார். கேசரி யாருக்கும் கிடைக்கவில்லை.

சுஜித்தின் அம்மா சரோஜம்மா அத்தைதான் தனியாகக் கூப்பிட்டுப் புடவையைத் துடைத்துவிட்டாள். மெல்லக் கேட்டாள்: "சமையக்கட்டுக் கதவு கொஞ்ச நாளா அடைய மாட்டேங்குது. மரம் ஊறிருச்சுங்கறார் இவர். ஊறினதுன்னா வெயில்ல சரியாகணும்ல?"

கதவு நிலையைப் பார்த்தேன். மரம் ஊறவில்லை, சுவரே நகர்ந்திருக்கிறது.

ஜூன் 11

கல்யாணம் நின்றுவிடும்போல. மாமா போனில் அப்பாவிடம், "வாயத் தொறந்தா அபசகுனம்" என்றாராம். அம்மா என்னோடு பேசுவதில்லை. சாயா கிளாசை மட்டும் ஓங்கி வைக்கிறாள்.

சுஜித் ஆலுவாவிலிருந்து கூப்பிட்டான். அவனுக்கு வேலை அங்கேதான். "ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல, மாதுரி?" பிறகு அவனே, "வேண்டாம். நீ சொன்னதே சரி." வச்சிட்டான்.

இதுக்கு என்ன அர்த்தம்?

ஜூன் 14, சனி

மலையில் பேய்மழை. மாமா போனை எடுக்கலை. அத்தை எடுத்தாள். "நீ வை. இவரை நான் பாத்துக்கறேன்."

ஜூன் 15, ஞாயிறு

மதியம் வாசலில் ஜீப். அத்தை சிரித்துக்கொண்டே இறங்கினாள். "கல்யாணப் புடவை எடுக்கலாம்னு வந்தோம்."

அடைமழையில். நிற்கப்போகிற கல்யாணத்துக்கு!

பின்னால் மாமா, முகத்தைத் தூக்கிக்கொண்டு, கையில் கோழிக்கூடையோடு.

"கோழியும் புடவை எடுக்கவா?" என்றார் அப்பா.

"இவகிட்டக் கேளுங்க. கோழி வராம ஜீப்புல ஏறமாட்டேன்னுட்டா."

ஜூன் 17

புடவை எடுக்க வந்த மாமாவை அத்தை இன்னும் ஊருக்குக் கிளம்பவிடவில்லை. காலையில் சாயா குடிக்கும்போது மாமாவுக்குப் போன். பக்கத்துத் தோட்டத்து முப்பிடாதி.

மலை வீட்டுக்குள் வந்துவிட்டது. சமையக்கட்டு போச்சு. அவர்கள் படுக்கிற அறையும் போச்சு. ஆளுக்குச் சேதமில்லை.

அத்தை அழவில்லை. "இனிக் கதவு அடைஞ்சா என்ன, அடையாட்டி என்ன" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "சாயா ஆறிருச்சு" என்றார். சூடு பண்ணிக் கொடுத்தேன். சிவப்பு அடித்தபோது அது எனக்கு வெறும் நிறம்.

ஜூலை 6, ஞாயிறு

மாமாவே அலைந்து எங்கள் பக்கத்துக் கொச்சங்காடியில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார். தரை சமமா என்று கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தாராம். வீட்டுக்காரி கமலாக்ஷி சேச்சி, "எந்தா சேட்டா, கோலி களிக்கானோ?" என்று கேட்டாளாம், கோலி விளையாடவா வந்தீங்கன்னு. ஆவணியில் முகூர்த்தமும் அவரே குறித்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை.

சாயங்காலம் தெருவே கேட்க முப்பிடாதியோடு போனில் சண்டை. "என் மருமக சொல்றாடா, உன் வீடும் நிக்காதுன்னு! இறங்கி வா... மாடா? மாட்டையும் ஏத்திட்டு வா!"

நாளைக்கு வருகிறார்களாம், மாட்டோடு. கமலாக்ஷி சேச்சியிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். "நீ சொன்னா எடுபடும்மா" என்கிறார் மாமா.