அம்மாவின் கழுத்துக் கட்டி

ஜூன் 12, திங்கள்
வெயில் குறையவில்லை. பூகோளம் படித்தாயிற்று. கணக்கு பாக்கி.
அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய் அம்மாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தார். கழுத்தில் கட்டு. தைராய்டில் இருந்த கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு பத்து நாளில். வாசலில் பக்கத்து வீட்டு மாமாவிடம் அப்பா, "கேன்சரா இருக்குமோன்னு சொல்றாங்கபா" என்றார். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியாது.
விஞ்ஞானப் புத்தகத்தில் தைராய்டுக்கு அரைப் பக்கம்தான். அயோடின் குறைந்தால் வீங்கும் என்று இருக்கிறது. அதுவாகவே இருக்கட்டும்.

ஜூன் 17, சனி
தூறல். துணி காயவில்லை. அம்மா கஞ்சி விழுங்கும்போது கழுத்துக் கட்டும் ஏறி இறங்குகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.
"இன்னாடி அப்டிப் பாக்குற? எனக்கு இன்னா கொம்பா மொளச்சிகீது?"
சிரித்தேன். பிறகு தோட்டத்துக்குப் போய் அழுகை.

ஜூன் 22, வியாழன்
கேன்சர் இல்லை. டி.பி.!
நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டு அம்மாவின் கழுத்தைக் காட்டினார். "இந்த எடத்துல டி.பி. வர்றது ரொம்ப அபூர்வம். நானே புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்."
நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். பிறருக்குத் தொற்றாது. ஒன்றரை வருடம் மாத்திரை, முதலில் தினம் ஊசி. பஸ்ஸில் அம்மா என் காதோடு, "நம்ம மண்ணூர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றாள்.
சாயங்காலம் பம்படியில் எங்கள் தெரு எஸ்தர் அக்கா விசாரித்தாள். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "கேன்சர் இல்லக்கா, டி.பி.தான்."
அவள் தன் குடத்தை என் குடத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

ஜூன் 24, சனி
மூன்றாவது ஊசி. நான் உளறியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எஸ்தர் அக்கா யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்? நாளை கோயிலில் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும். ஒரே கிண்ணம்தான், வரிசையாக எல்லார் வாய்க்கும். நான் போன மாதம்தான் திடப்படுத்தல் பெற்றுச் சபையில் முழு அங்கத்தினர் ஆனேன், எனக்கும் உண்டு. அம்மா வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடுகிறாள். கேன்சர் இல்லாததற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். தடுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஜூன் 25, ஞாயிறு
அம்மா முதல் ஆளாகப் போய் மண்டியிட்டாள். பெண்கள் பக்கம் வேறு யாரும் எழவில்லை. எஸ்தர் அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் ஒரு குரல், "அது குடிச்ச கிண்ணத்துல யாருமா குடிக்கிறது?"
போதகர் காத்திருந்தார். நான் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அம்மா திரும்பினாள். காலி வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னை.
"யாராண்ட சொன்ன?"