பெர்சி தட்டிய கதவுகள்

மேப்பிள் ஹில்ஸ், பென்சில்வேனியா
11.9.2022

என் அன்பு அத்தானுக்கு,

நானும் மகள் ஜோஸ்மியும் சுகம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

குடியுரிமை கிடைத்தபின் எனக்கு இது முதல் ஓட்டு. எங்கள் தொகுதியில் முப்பது வருஷமாகச் சிவப்புக் கட்சிதான், அதாவது குடியரசுக் கட்சிதான், ஜெயிக்கிறது. பழைய வீடுகளில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். பனி கொட்டினாலும் ஓட்டுப் போடாமல் இருக்க மாட்டார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் புது அடுக்குமாடிகள், தெலுங்கர், கொரியர், என்னைப் போன்ற நர்ஸ்கள். ஆள் நிறைய, ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம். இந்த முறை எதிரே நீலக் கட்சியில், ஜனநாயகக் கட்சியில், ஒரு பள்ளி ஆசிரியை நிற்கிறார். டூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் அவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டப் போகிறேன். துணைக்கு பிஜு வருகிறார். மார்த்தாண்டத்துக்காரர், எங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பெர்சி


முசஃபா, அபுதாபி
20.9.2022

அன்புள்ள பெர்சிக்கு,

யார் இந்த பிஜு? என்ன வயசு? கல்யாணம் ஆனவனா? ஒரு கதவைத் தட்ட இரண்டு பேர் எதற்கு?

ரூமில் ராக்கப்பனிடம் சொன்னேன். "அண்ணே, ஓட்டுக் கேக்கப் போனதுக்கா இம்புட்டுக் கோவம்?" என்று சிரிக்கிறான். "கலாஸ், போதும், தூங்குடா" என்றேன்.

பதினாறு வருஷமாக இங்கே வெயிலில் கிரேன் ரிப்பேர் பார்க்கிறேன். உன் கருத்து என்ன என்று கேட்டு எவனும் இந்தக் கேம்ப் கதவைத் தட்டியதில்லை. ஊரில் எனக்கு ஓட்டு இருக்கிறது, போய்ப் போட லீவு இல்லை. உன் வாசலில் மட்டும் இரண்டு கட்சியும் வந்து கெஞ்சுகிறது.

நீ போனபோதே நானும் வந்திருக்கலாம். பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட மனசு வரவில்லை. அதற்காக என் இடத்தில் வேறொருத்தன் உன்னோடு நடக்கணுமா?

தேவதாஸ்


மேப்பிள் ஹில்ஸ்
9.10.2022

அன்பு அத்தானுக்கு,

பிஜுவுக்கு முப்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை. மறைக்க என்ன இருக்கிறது?

நேற்று ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா எங்களைத் தம்பதி என்று நினைத்துவிட்டார். பிஜு உடனே, "இல்லம்மா, இவங்க வீட்டுக்காரர் அபுதாபியில இருக்காரு, சீக்கிரம் வந்திருவாரு" என்றார். தன் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவர் சொன்ன கட்சிக்கே போட்டாராம் அந்த அம்மா. இந்தத் தடவை தானே யோசிக்கப் போகிறாராம். படித்த பெண்கள் நிறையப் பேர் இப்படி மாறுகிறார்கள். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இங்கே உண்மையான போட்டி.

உங்கள் பெர்சி


முசஃபா
18.10.2022

பெர்சிக்கு,

பேஸ்புக்கில் தேடி பிஜுவைப் பிடித்தேன். "இனி என் பெஞ்சாதிகூட நடந்தா நான் யாருன்னு காட்டுவேன்" என்றேன். "மன்னிச்சிருங்க அண்ணே, இனி வரமாட்டேன்" என்றான். தப்பில்லாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்?

தேவதாஸ்


மேப்பிள் ஹில்ஸ்
13.11.2022

அத்தானுக்கு,

பிஜு அன்றோடு வரவில்லை. லேபில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் தனியாகவே நடந்தேன். ஒரு வீட்டில், உன் நாட்டுக்குப் போ என்று கத்திக் கதவைச் சாத்தினார்கள். படிக்கட்டில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.

ஆசிரியை தோற்றுவிட்டார். ஆனால் இவ்வளவு குறைந்த வித்தியாசம் இந்தத் தொகுதி பார்த்ததில்லை. எங்கள் அடுக்குமாடிகளில் போன தடவையைப்போல இரண்டு மடங்கு பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் நான் தட்டிய கதவுகளும் உண்டு.

பிஜுவைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டீர்கள்! நான் ஏன் நடக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை. பிஜு கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

உங்களைக் கூப்பிட விசாவுக்கு விண்ணப்பிக்க இருந்தேன். இப்போதைக்கு இல்லை. ஜோஸ்மி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு பேசுவாள். நான் பேசவில்லை.

பெர்சி


முசஃபா
4.12.2022

அன்புள்ள பெர்சிக்கு,

ஜோஸ்மி பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதிதான் புரிந்தது. "அம்மா எங்கே?" என்றேன். "பிஸி" என்றாள்.

பிஜுவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணே" என்றான். அவன் அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், இன்னும் எரிகிறது. அவன் உன் பக்கத்தில் நடந்ததைவிட, நீ சொன்னதை அவன் கேட்டான் என்பதுதான் அதிகம் எரிகிறது.

விசா வேண்டாம். அதற்காக எழுதவில்லை.

அந்த ஆசிரியைக்காக நீ ஏன் நடந்தாய், பெர்சி? எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது.

உன் தேவதாஸ்